ஒருவருக்காக உலை வைப்பது: மொரீஷியஸ் தமிழ் மூத்தோரின் சாப்பாடு

சர்க்கரையைக் குறைக்கணும், உப்பைக் குறைக்கணும், கீரை நிறையச் சாப்பிடணும், தினமும் நடக்கணும். மொரீஷியஸில் அறுபதைத் தாண்டிய தமிழர் யாரைக் கேட்டாலும் இந்தப் பாடத்தை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். சுகாதார நிலையத்தில் சொல்கிறார்கள், வானொலியில் சொல்கிறார்கள், பாரிஸிலிருந்து பேரப்பிள்ளைகள் வாட்ஸ்ஆப்பிலும் சொல்கிறார்கள். இவ்வளவு தெரிந்த ஊரில் வயது வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. ஆகவே இன்னொரு துண்டுப் பிரசுரம் அச்சடித்து என்ன ஆகப்போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. தனியாகவோ கணவன் மனைவி இருவராகவோ வாழும் மூத்தவர்களின் தட்டில் என்ன விழுகிறது என்பதில் அவர்களுடைய மனக்கட்டுப்பாட்டின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு. கடையில் எந்த எண்ணெய் கிடைக்கிறது, சந்தைக்கு எப்படிப் போய்வருவது, சமைத்தால் கூட உட்கார்ந்து சாப்பிட யார் இருக்கிறார்கள் என்பவைதான் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன. இதற்கு இந்தத் தீவிலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது.

1980களில் மொரீஷியஸ் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. கரும்பை மட்டும் நம்பியிருந்த ஊரில் துணி ஆலைகள் வந்தன, கையில் காசு புழங்கியது. கூடவே மாரடைப்பும் சர்க்கரை நோயும் பெருகின. 1987-ல் நாடு தழுவிய சுகாதாரக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தினார்கள். ஆஸ்திரேலியாவின் நீரிழிவு ஆய்வாளர் பால் சிம்மெட்டுக்கும் அதில் முக்கியப் பங்கு உண்டு. அப்போது வீடுகளில் புழங்கிய ரேஷன் எண்ணெய் பெரும்பாலும் பாமாயில். அரசு அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோயா எண்ணெயைக் கொண்டுவந்தது. பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. சோயா எண்ணெயில் அது 15 விழுக்காட்டைச் சுற்றித்தான். ஐந்து வருடம் கழித்து, 1992-ல் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-க்கு இறங்கியிருந்தது. லேப் சீட்டில் நமக்குப் பழகிய கணக்கில் சொன்னால் 213 இருந்தது 182 ஆனது.

அந்த ஐந்து வருடத்தில் யாரும் வடை சுடுவதை நிறுத்தவில்லை. தாளிப்பில் ஒரு கரண்டி குறைத்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. அதே சட்டி, அதே கை, அதே கடலைப்பருப்பு வடை; எண்ணெய் மட்டும் வேறு. அன்றைக்கு நாற்பது வயதில் இருந்தவர்கள் இன்றைக்கு எண்பதை நெருங்குகிறார்கள். ரோஸ் ஹில்லிலும் ஸ்டான்லியிலும் காத்ர் போர்னிலும் கையில் பையோடு பேருந்துக்கு நிற்கிற இந்த மூத்தவர்களில் பலருக்கு, தங்கள் ரத்தக் குழாய்களுக்கு ஏறக்குறைய நாற்பது வருடத்துக்கு முன் ஒருவர் அலுவலக மேஜையில் உட்கார்ந்து உதவி செய்தார் என்பதே தெரியாது.

எண்ணெய் சரி. சர்க்கரை நோய் மட்டும் ஏன் அடங்கவில்லை? அரிசியும் ரொட்டியும் ஒரு பெரிய காரணம். இது புதுப் பழக்கம் இல்லை. 1834 முதல் வந்த ஒப்பந்தக் கூலிகளுக்கும், அவர்களுக்கு நூறு வருடம் முன்பே பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து வந்த தமிழ்க் கொத்தர்களுக்கும் தச்சர்களுக்கும் வயிறு நிறைய அரிசி என்பதே பெரிய விஷயம். கூலிகளின் படியளப்பில் அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, உப்புக்கருவாடு இருந்தன. கரும்பு வெட்டுகிற உடம்பு அதைச் செரித்தது. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது பர்மா அரிசி வருவது நின்று, தீவே சோளத்துக்கும் மரவள்ளிக்கும் மாறியது. அந்தப் பஞ்சத்தைச் சிறுவயதில் பார்த்தவர்களும், பார்த்தவர்களின் பிள்ளைகளும் வெள்ளைச் சோற்றைக் குறைக்கச் சொன்னால் லேசில் கேட்கமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. வேலை மாறிவிட்டது, அளவு மாறவில்லை, அவ்வளவுதான்.

இப்போது ஒரு நாளைய சாப்பாட்டைப் பார்ப்போம். காலையில் பால் பவுடர் போட்ட தேநீர், வெண்ணெய் தடவிய ரொட்டி. இங்கே ரொட்டி என்றால் பிரெஞ்சு வழியில் வந்த, கையில் அடங்குகிற உருண்டை ரொட்டி. மாவுக்கு அரசு மானியம் தருகிறது, விலையும் கட்டுப்பாட்டில் இருக்கிறது, மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வாசலுக்கே வருகிறது. மதியம் சோறு, பருப்பு, ஏதாவது ஒரு கீரை, ஊறுகாய், பொரித்த கருவாட்டுத் துண்டு ஒன்று. கீரையில் இந்த ஊருக்குக் குறையே கிடையாது. முருங்கைக்கீரை, மணத்தக்காளி, சேம்பு இலை, பூசணித் தளிர், சௌசௌக் கொடியின் நுனி எல்லாவற்றையும் இஞ்சி பூண்டு தட்டிப்போட்டுத் தெளிவான சாறாக வைப்பார்கள். பூயோன் பிரெட் என்று அதற்குப் பெயர். சாதி மதம் பார்க்காமல் தீவு முழுக்கக் குடிக்கிற சாறு அது. பாகற்காய், பீர்க்கங்காய், புடலங்காய், வெண்டைக்காய் எல்லாமும் உண்டு. மதியச் சாப்பாட்டை மட்டும் பார்த்தால் எந்த உணவியல் நிபுணரும் குறை சொல்லமாட்டார்.

பிரச்சினை சாயங்காலம் ஆரம்பிக்கிறது. இருட்டியதும் மறுபடி தேநீர், மறுபடி ரொட்டி. உள்ளே டின் சீஸ் ஒரு துண்டு, இல்லை என்றால் தக்காளியை வதக்கிச் செய்யும் ருகாயில் மிச்சம் இருப்பது. வீட்டில் ஆறு பேர் இருந்த காலத்தில் இரவுக்கும் உலை வைத்தார்கள். ஒருவராக ஆனபிறகு அடுப்பைப் பற்றவைக்க மனம் வருவதில்லை.

எங்கள் தெருவில் எழுபத்தெட்டு வயதில் ஒரு அம்மா தனியாக இருக்கிறார். தெருவே அவரைத் தாந்தின், அதாவது அத்தை, என்றுதான் கூப்பிடும். கோவில் மாலைப் பள்ளியில் தமிழ் படித்தவர். வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழியான கிரியோல் என்றாலும் திருப்புகழைப் புத்தகம் பார்க்காமல் பாடுவார். ரசம் வைத்தால் மூன்று வீடு தள்ளி மணக்கும். அவரிடம் இருந்தது ஏழு பேர் இருந்த நாளில் வாங்கிய பெரிய பிரஷர் குக்கர். அதில் அரை டம்ளர் பருப்பைப் போட்டால் அடிப்பிடித்துவிடுகிறது. அதனால் சனிக்கிழமை முழுக் குக்கர் வைத்து, ஐஸ்கிரீம் டப்பாக்களில் பிரித்து ஃப்ரீசரில் அடுக்குவார். திங்கள், செவ்வாய் அந்தப் பருப்புதான். புதன்கிழமை அதன் முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் ரொட்டிக்குப் போய்விடுவார். நான் ஏதோ அறிவுரை மாதிரி ஆரம்பித்தபோது, “சமைக்கத் தெரியாமலா இருக்கேன்? யாருக்குச் சமைக்கிறது பிள்ளை, அதைச் சொல்லு” என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் அவருடைய அண்ணன் மகள் இரண்டு லிட்டர் குக்கர் ஒன்றை வாங்கித் தந்தாள். தாந்தினுடைய சாப்பாட்டை மாற்றியதில் எந்த மருத்துவரையும்விட அந்தச் சின்ன குக்கருக்குப் பங்கு அதிகம். இப்போது ஒரு நாள் துவரம்பருப்பு, ஒரு நாள் கருப்புப் பயறு, ஒரு நாள் லீமா அவரை என்று மாற்றிக்கொள்கிறார். இரவிலும் சிலசமயம் அடுப்பு எரிகிறது.

ஆண்கள் கதை வேறு. மனைவியை இழந்த தாத்தாக்களில் பலருக்குச் சோறு வடிக்கவே தெரியாது. அவர்கள் தெருமுனையில் ஒரு ஜோடி டால்பூரியில் மதியத்தை முடித்துக்கொள்வார்கள். கடலைப்பருப்பு உள்ளே வைத்தது, அவரைக் குழம்பு தடவியது என்பதால் அது அப்படியொன்றும் மோசமான சாப்பாடு இல்லை. தினமும் அதுவே என்றால்தான் தொல்லை. சாயங்காலம் கடைத் திண்ணையில் ரம் சேர்ந்தால் இரவுச் சாப்பாடே கிடையாது. பெண்களுக்குச் சமைக்கத் தெரியும், சமைக்கக் காரணம் போய்விட்டது. ஆண்களுக்குக் காரணம் இருக்கிறது, கை பழகவில்லை. முதியோருக்கு நடத்தும் வகுப்புகளில் யோகாவுக்குப் பதிலாக வாரத்தில் ஒருநாள் ஆண்களுக்கு ரசமும் பருப்பும் வைக்கச் சொல்லித்தரலாம் என்பது என் கட்சி.

யாரையும் நம்பாமல் வாழ்கிறார் என்று எதை வைத்துச் சொல்வது? முதியோர் மருத்துவத்தில் இதற்கு இரண்டு அடுக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். குளிப்பது, உடுத்துவது, எழுந்து நடப்பது முதல் அடுக்கு. சமைப்பது, கடைக்குப் போவது, மாத்திரையைச் சரியாக எடுப்பது, பணத்தைப் பார்த்துக்கொள்வது இரண்டாவது. இந்த இரண்டாவது அடுக்கை 1969-ல் அமெரிக்காவில் லாட்டன், பிரோடி என்ற இருவர் வரையறுத்தார்கள். உடம்போ நினைவோ தளரும்போது பெரும்பாலும் இந்த இரண்டாவது அடுக்குதான் முதலில் ஆட்டம் காண்கிறது. குளித்து, விபூதி பூசி, துவைத்த சட்டையோடு வாசலில் உட்கார்ந்திருக்கிற தாத்தா நன்றாக இருக்கிறார் என்று போகிற வருகிறவர்கள் நினைப்பார்கள். உள்ளே போய் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கிற மகளுக்குத்தான் விஷயம் தெரியும்.

அந்த ஃப்ரிட்ஜில் அடிக்கடி இல்லாமல் போவது புரதம். வயதானால் சாப்பாடு குறையலாம், புரதத் தேவை குறையாது, கூடவே செய்யும். வாலிபருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் போதும் என்றால், அறுபத்தைந்து தாண்டியவருக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்பது இப்போது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் மருத்துவரைக் கேட்கவேண்டும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம் என்று ஆகிறது. மேலே சொன்ன ரொட்டி, சோறு, அரைக் கிண்ணம் பருப்பு, கருவாட்டுத் துண்டு, டின் சீஸ் எல்லாவற்றையும் கூட்டினால் ஐம்பதை எட்டுவதே கஷ்டம். அதிலும் பெரும்பகுதி மதியம் ஒரே வேளையில் வருகிறது. தசை கரைவது வெளியே தெரியாது. நாற்காலியிலிருந்து எழும்போது கையை ஊன்றத் தொடங்குவதுதான் முதல் அடையாளம். பேருந்துப் படி உயரமாகத் தெரிவது அடுத்தது. ரொட்டிக்குள் வேகவைத்த முட்டை ஒன்று வைத்தால் ஆறு கிராம் கிடைக்கும். இதைச் சொல்லும்போது, கொலஸ்ட்ரால் வந்துவிடுமே என்று பயப்படுகிறவர்கள் அந்த ரொட்டியில் வெண்ணெயைத் தாராளமாகத் தடவிக்கொண்டே பயப்படுகிறார்கள்.

உப்பு விஷயத்தில் நாக்கும் ஏமாற்றுகிறது. வயதோடு சுவை மழுங்குவதால் முன்பு போட்ட அளவு சப்பென்று இருக்கும். கருவாடு, காய்கறி அச்சார், சோயா சாஸ், டின் சீஸ் என்று நாலு பக்கத்திலிருந்தும் உப்பு வந்துகொண்டிருக்கும்போது, ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவு மதியச் சாப்பாட்டோடேயே பாதி தீர்ந்துவிடும். கருவாட்டை வெந்நீரில் இரண்டு தடவை ஊறவைத்து நீரை மாற்றுவது பழைய ஆயாக்களின் வழக்கம். அவசரத்தில் அது கைவிட்டுப்போகிறது. புளியும் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் உப்பின் வேலையில் பாதியைச் செய்யும். ரசம் இந்த விஷயத்தில் கெட்டிக்காரி. தாகமும் வயதோடு மழுங்குவதால், ஜனவரி வெயிலில் தண்ணீர் குடிக்க மறந்துபோகிறவர்கள் நிறைய.

ஜனவரி, பிப்ரவரி என்றதும் தைப்பூசக் காவடிக்கு வந்துவிட வேண்டும். இங்கே அது பொது விடுமுறை நாள். அதற்கு முன் பத்து நாள் கரேம், அதாவது விரதம். புரட்டாசியில் கோவிந்தன் விரதம் தனியாக இருக்கிறது. செவ்வாய், வெள்ளி சைவம் என்று வைத்திருக்கிறவர்களும் உண்டு. கணக்குப் பார்த்தால் பல மூத்தவர்கள் வருடத்தில் கணிசமான நாள் மாமிசம் இல்லாமல் இருக்கிறார்கள். அந்த நாட்களில் மது கிடையாது, வெளிச் சாப்பாடு கிடையாது, காய்கறியும் பருப்பும் கூடும். எந்த மருத்துவர் சொல்லியும் நடக்காத காரியம் முருகன் பெயரில் நடந்துவிடுகிறது.

ஆனால் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு விரதம் இருப்பவர்கள் மாத்திரையைக் கவனிக்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை அடியோடு இறங்கும் ஆபத்து குறைவு. க்ளிக்லசைடு, க்ளிபென்கிளமைடு மாதிரியான மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டு பட்டினி இருந்தால் மயங்கி விழ நேரிடும். எண்பது வயதில் அந்த விழுகை இடுப்பெலும்பு முறிவாக முடியலாம். விரதம் தொடங்க ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்வது சாமி குற்றம் ஆகாது. அடுத்தது கால். நீரிழிவில் உணர்ச்சி குறைந்த பாதத்தோடு கொதிக்கிற தார்ச் சாலையில் வெறுங்காலில் நடந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது. இந்த ஊரில் சர்க்கரையால் காலை இழந்தவர்கள் அபூர்வம் இல்லை. கோர் த கார்ட் மலையடிவாரக் கோவிலின் படிகளில் ஏறி இறங்கியபின் வீட்டில் யாராவது ஒருவர் பெரியவரின் உள்ளங்காலைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. இன்னொன்று: மெட்ஃபார்மினைப் பல வருடம் எடுப்பவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம். சைவ நாட்கள் கூடக்கூட அது இன்னும் குறையலாம். கால் மரத்துப்போவதெல்லாம் சர்க்கரையால்தான் என்று விட்டுவிடாமல் ஒரு தடவை பி12 சோதித்துப் பார்க்கலாம்.

காவடி முடிந்ததும் கோவிலில் வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு. பூசணி, பலாக்காய், வாழைக்காய், அவரை, கீரை, பருப்பு, ரசம், பாயசம். வீட்டில் அரை ரொட்டியோடு எழுந்துவிடுகிற பெரியவர்கள் அங்கே இரண்டாம் தடவை சோறு கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். பசி இல்லை, வயதாகிவிட்டது என்று பிள்ளைகள் நம்பிக்கொண்டிருப்பார்கள். கூட்டத்தோடு உட்கார்ந்தால் மனிதர்கள் அதிகம் சாப்பிடுகிறார்கள் என்பதை ஆய்வுகளும் பலமுறை காட்டியிருக்கின்றன.

வெளியே போய்வர இந்த ஊரில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. 2005 செப்டம்பரிலிருந்து மூத்தவர்களுக்கும் மாணவர்களுக்கும் பேருந்து இலவசம். இது போக்குவரத்துத் திட்டமாக வந்தது. என்னைக் கேட்டால் சுகாதாரத் திட்டமும்கூட. காத்ர் போர்ன் சந்தையில் காய்கறி நாளன்று பத்து மணி வாக்கில் போய்ப் பாருங்கள். வேறு ஊரிலிருந்து பேருந்து மாறி வந்து, முருங்கைக்கீரைக் கட்டைக் கையில் எடுத்து உதறிப் பார்த்து, விலை பேசி, தெரிந்தவர் நால்வரிடம் நலம் விசாரித்துவிட்டுத் திரும்புகிற மூத்தவர்கள்தான் பாதிக் கூட்டம். கீரை வாங்கக் கீரைக்காகவே போகவேண்டும் என்பதில்லை. போகும் வழியில் நடை, பேச்சு, வெயில், கொஞ்சம் மனக்கணக்கு எல்லாம் சேர்ந்துவிடுகின்றன. பேருந்து நிறுத்தம் தூரமான மேட்டுப் பகுதிகளில் வசிப்பவர்களுக்கு இது கிடைப்பதில்லை. அவர்களுக்கு மூலைக்கடையில் இருக்கும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் டின்மீனும்தான் காய்கறி.

அரசு ஆதரவில் ஊருக்கு ஊர் மூத்தோர் மன்றங்கள் இருக்கின்றன. பாட்டு, சீட்டுக் குலுக்கல், கடற்கரைச் சுற்றுலா என்று அங்கே நல்ல கலகலப்பு. மேஜைமேல் இருப்பதுதான் இடிக்கிறது: ரோஜா நிறச் சர்க்கரைப் பாகு பூசிய நாப்போலித்தேன் கேக், பொரித்த சமோசா, கலர் பாட்டில். அந்தப் பாட்டிலில் இருக்கும் சர்க்கரைக்குக் கிராம் கணக்கில் வரி போடுகிற நாடு இது.

கடைசியில் காசு. இங்கே ஓய்வூதியம் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் இல்லை. அறுபது ஆனால் எல்லோருக்கும் உண்டு என்பதுதான் பல வருட வழக்கமாக இருந்தது. 2025-ல் அது மாதம் 15,000 மொரீஷியஸ் ரூபாயாக இருந்தது. தனியாக வாழ்வது இங்கே சாத்தியமாக இருப்பதற்கு இதுவே அடித்தளம். கரும்புக் காட்டில் உழைத்த, கையில் சேமிப்பில்லாத ஒரு விதவை மகனிடம் கை நீட்டாமல் வாழ முடிகிறது. பேரனுக்குப் பிறந்தநாள் காசும் கொடுக்க முடிகிறது. சாப்பாட்டில் முக்கால்வாசி இறக்குமதி என்பதால் கப்பல் கூலி ஏறினால் பருப்பு விலை ஏறும். ரொட்டி விலை லேசில் ஏறாது, அதற்கு மானியம் இருக்கிறது. அதனால் விலைவாசி கடிக்கிற மாதங்களில் பருப்பு சுருங்கி ரொட்டி பெருகுகிறது. எண்ணெயில் 1987-ல் காட்டிய துணிச்சலை ரொட்டி மாவில் காட்டி, மானியத்தில் ஒரு பகுதியை முழுக்கோதுமை மாவுக்கும் பயறுக்கும் திருப்பினால் என்ன என்று யாராவது கேட்க வேண்டும்.

2025 ஜூன் பட்ஜெட்டில் பிரதமர் நவீன் ராம்கூலம் ஓய்வூதிய வயதை 60-லிருந்து 65-க்குப் படிப்படியாக உயர்த்துவதாக அறிவித்தார். அதை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஓய்வூதியக் கணக்கை விட்டுவிட்டு அடுப்பங்கரையிலிருந்து பார்த்தால், இப்போது அறுபதைத் தொடுகிற பெண்களில் நிறையப் பேர் துணி ஆலைகளில் வேலைக்குப் போன தலைமுறை. காலை ஆறு மணிக்கு ஆலைப் பேருந்து பிடித்தவர்கள். கீரை ஆய உட்கார நேரமில்லாமல், ரொட்டியும் நூடுல்ஸும் வைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர்கள். தாந்தினுக்குத் தெரிந்த சமையலில் பாதி இவர்களுக்கு வராது. அறுபத்தைந்து வரை வேலை என்றால் கற்றுக்கொள்ள நேரமும் இருக்காது. சூப்பர் மார்க்கெட்டில் ஆய்ந்து கழுவிய கீரை பாக்கெட்டில் வருகிறது. சந்தைக் கட்டைவிட விலை அதிகம்தான். வேலை முடிந்து சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தப் பாக்கெட்டுக்குக் கை நீட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பெண்கள்தான்.